ஏரிப் பாடம்

காஞ்சிபுரத்தில் கூத்துக்காரர்களுக்குப் பஞ்சமே கிடையாது. ஆனால் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்திரண்டில் அந்த ஊரில் நன்றாக நடிக்கத் தெரிந்தவர்கள் யார் என்று என்னைக் கேட்டால், பெண்கள் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியை ஒட்டியிருந்த மாதிரிப் பள்ளியின் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் என்றுதான் சொல்வேன். மொத்தம் முப்பத்திரண்டு பேர். தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகள், வண்டிக்காரர் வீட்டுப் பிள்ளைகள். மத்தியானம் சோறு போடுகிறார்கள் என்று கொண்டுவந்து விட்டவர்கள்தான் அதிகம். டீச்சர் வேலைக்குப் படிக்க வந்த பெண்கள் இந்தப் பிள்ளைகளை வைத்துப் பாடம் நடத்திப் பழகிக்கொள்வார்கள். முடிவெட்டப் பழகுகிறவனுக்குத் தலையைக் கொடுக்கிற மாதிரிதான்.

வருஷத்துக்கு நாற்பது பெண்கள் வந்து, வந்தவர்கள் எல்லோரும் அதே ஏழெட்டுப் பாடங்களையே நடத்தினால் பிள்ளைகள் என்ன ஆவார்கள்? தேறிவிடுவார்கள். பாடத்தில் அல்ல, பாடம் நடக்கிற முறையில். டீச்சர் படத்தைத் திருப்பிக் காட்டியதும் வாயைப் பிளக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும். முதல் கேள்விக்கு யாராவது தப்பாகப் பதில் சொன்னால்தான் டீச்சர் அதைத் திருத்திக் காட்டி மார்க் வாங்க முடியும் என்பதும் தெரியும். அந்த வேலை பழனி என்கிற பையனுடையது. சரியான பதில் நாக்கு நுனியில் இருக்கும்போதே எழுந்து, தலையைச் சொறிந்து, "கொக்கு தண்ணிக்குள்ள முட்டை போடும் டீச்சர்" என்பான். புதுப் பெண்ணுக்கு அடுத்த கேள்வி மறந்துபோனால், "இப்போ படம் காட்டணும் டீச்சர்" என்று முன் வரிசையிலிருந்து மெல்ல எடுத்துக் கொடுப்பார்கள். இதற்கெல்லாம் கூலி, ஆளுக்கொரு ஆரஞ்சு மிட்டாய்.

இந்தக் கூட்டத்தில் ராணி யார் என்றால் பூவம்மாள். எட்டு வயது. எண்ணெய் வழிய இழுத்துப் பின்னிய சடை, தறிச் சத்தத்தையும் மீறி ஒலித்துப் பழகிய கணீரென்ற குரல். பாடத்தின் முடிவில் கரும்பலகையில் டீச்சர் எழுதிய நாலு வரியை ஒரு பிள்ளை வந்து படித்துக் காட்ட வேண்டும் என்பது முறை. அதற்குப் பூவம்மாளை விட்டால் ஆள் இல்லை. ஒவ்வொரு சொல்லுக்கும் அடியில் விரலை வைத்து நகர்த்திக்கொண்டே அவள் படிக்கிற அழகைப் பார்த்து, பின்னால் நோட்டும் கையுமாக உட்கார்ந்திருக்கிறவர்கள் தலையை ஆட்டுவார்கள். பயிற்சிக்கு வரும் பெண்கள் அவளுக்கு மட்டும் இரண்டு மிட்டாய் கொடுப்பார்கள்.

குணமாலாவும் கொடுத்திருக்கிறாள். அவள் செய்யாறு ரோட்டில் ஒரு கிராமத்துச் சமணக் குடும்பத்துப் பெண். அப்பா விமலநாத நயினாருக்கு நிலம் உண்டு, பேச்சு குறைவு. பொழுது சாயுமுன் சாப்பிட்டு முடிக்கிற வீடு, எறும்புச் சாரியைக் கண்டால் சுற்றிக்கொண்டு நடக்கிற வீடு. அக்கா மதனவதி மூன்றாவது பிரசவத்தில் போய்விட்டாள். அக்கா புருஷன் பெயர் அப்பாண்டை, வயது நாற்பது. மூன்று பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு ஒற்றை ஆளாக நிற்கிறான். வேற்று வீட்டுப் பெண் வந்து பிள்ளைகளைக் கொடுமை பண்ணுவதற்குப் பதில் நம் வீட்டுப் பெண்ணே போனால் என்ன என்று பெரியவர்கள் கூடிப் பேசி முடித்துவிட்டார்கள். குணமாலா அழவில்லை, சண்டை போடவில்லை. படிப்பு மட்டும் முடிக்கிறேன் என்றாள். அப்பா ஒரே ஒரு வழி விட்டார்.

"சர்ட்டிபிகேட் வாங்கிக்கினு வந்தா நீ வேலைக்குப் போ, உன்ன யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. பெயிலாயிட்டா வர்ற ஆவணியில மாமாவ கட்டிக்கணும். ரெண்டுல ஒண்ணு."

எழுத்துப் பரீட்சை அவளுக்குப் பயமில்லை. பயமெல்லாம் கமிஷன்தான். வெளியூரிலிருந்து வந்து, வகுப்பின் பின்னால் உட்கார்ந்து, பாடம் நடத்துவதைப் பார்த்து மார்க் போடுகிற அதிகாரிக்கு அந்தப் பெயர். முக்கால் மணி நேரம். அதில் சறுக்கினால் இரண்டு வருஷமும் போச்சு.

பயிற்சிப் பள்ளியில் போதனா முறை சொல்லித் தந்த தில்லையம்மாள் இதில் கைதேர்ந்தவர். "இது மேடைம்மா" என்பார். "முதுகக் காட்டாதே. பசங்களப் பாத்துப் பேசற மாதிரி பின்னால இருக்கறவருக்குப் பேசு. கேள்வி கேட்டுட்டு ரெண்டு எண்ணு, அப்பறம் கை காட்டு. சிரிப்பு வர்ற எடத்துல நீ சிரிக்காத, அவங்க சிரிக்கட்டும்." எங்கே நிற்பது, எப்போது நகர்வது என்று தரையில் சாக்பீஸால் கோடு போட்டுக் காட்டுவார். பிள்ளைக்குப் பாடம் ஏறிற்றா என்று எப்படித் தெரிந்துகொள்வது என்பதை அவர் சொன்னதாக குணமாலாவுக்கு ஞாபகமில்லை. யாரும் கேட்டதாகவும் ஞாபகமில்லை.

கமிஷன் வந்து இறங்கியது சித்திரை வெயிலில். பஞ்சாட்சரம் என்று ஒருவர். கதர்ச் சட்டை, மூக்குப்பொடி, எதற்கும் அசையாத முகம். யாருக்கு எந்தப் பாடம் என்று முந்தின நாள் சாயங்காலம்தான் சொல்வார்கள். குணமாலாவுக்கு விழுந்தது ஏரிப் பாடம். அந்த வருஷம் மட்டும் மூன்றாம் வகுப்பு அதைப் பதினோரு தடவை கேட்டிருந்தது.

"ஏரியா?" தில்லையம்மாள் உதட்டைப் பிதுக்கினார். "அந்தாளுக்கே மனப்பாடமாயிருக்கும். நீ ஒண்ணு பண்ணு. கடைசியில எழுதிப் போடற நாலு வரி இருக்குது பாரு, அத மாத்து. புஸ்தகத்துல இருக்கறத எழுதாதே. சொந்தமா எழுது. தனியாத் தெரியும், மார்க் விழும்."

நல்ல யோசனைதான். குணமாலா விடுதித் திண்ணையில்கூட உட்காராமல், கிணற்றடிக் கல்லில் உட்கார்ந்து, வெளிச்சம் இருக்கும்போதே நாலு வரி எழுதினாள். ரோலப் போர்டில் சாக்பீஸால் முத்து முத்தாக எழுதிச் சுருட்டி வைத்தாள். ரோலப் போர்டு என்பது கறுப்புச் சாயம் பூசிய கெட்டித் துணி, மேலும் கீழும் கட்டை. ஆணியில் மாட்டி அவிழ்த்துவிட்டால் திரை மாதிரி இறங்கும். பயிற்சிப் பெண்கள் ஊரெல்லாம் அதை அக்குளில் இடுக்கிக்கொண்டுதான் திரிவார்கள்.

மறுநாள் பாடம் அமோகமாக நடந்தது. படத்தைத் திருப்பினாள், முப்பத்திரண்டு வாயும் பிளந்தன. பழனி கொக்கைத் தண்ணீருக்குள் முட்டையிட வைத்தான், அவள் அன்பாகத் திருத்தினாள். கேட்டுவிட்டு இரண்டு எண்ணினாள். பஞ்சாட்சரம் பொடி போட மறந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஜன்னலுக்கு வெளியே நின்ற தில்லையம்மாள் கண்ணாலேயே பலே சொன்னார். குணமாலாவுக்கு உடம்பெல்லாம் ஒரு குளிர்ச்சி. இனி நாலு வரிதான், தப்பித்தோம் என்று நினைத்தாள்.

போர்டை அவிழ்த்துவிட்டாள். இறங்கியது.

*ஏரியில் தண்ணீர் வற்றிவிட்டது.*
*வெள்ளைக் கொக்கு பறந்து போயிற்று.*
*மீன்கள் சேற்றில் துடித்தன.*
*மழையே, சீக்கிரம் வா.*

"யார் வந்து படிக்கிறீங்க?"

எல்லாக் கையும் உயர்ந்தது. எழுப்பப்போவது யாரை என்று எல்லோருக்கும் தெரியும். பூவம்மாள் பாவாடையைத் தட்டிவிட்டுக்கொண்டு வந்தாள். முதல் சொல்லுக்கு அடியில் விரலை வைத்தாள்.

"எங்கள் ஊரில் ஒரு ஏரி இருக்கிறது."

குணமாலாவுக்கு முதலில் விளங்கவில்லை. போர்டில் மூன்று சொல், அவள் வாயில் ஐந்து சொல். மீதி இரண்டுக்கும் அந்த விரல் எழுத்தே இல்லாத கறுப்புத் துணியின் மேல் நகர்ந்து போயிற்று. குரலில் ஒரு பிசிறு இல்லை. முகத்தில் சந்தேகத்தின் சாயல்கூட இல்லை. விரல் இரண்டாம் வரிக்கு இறங்கியது.

"மழை பெய்தால் ஏரி நிரம்பும்."

புஸ்தகத்தில் இருக்கிற அதே வரிகள். இந்தப் பெண்ணுக்கு ஒரு எழுத்துகூடத் தெரியாது. இத்தனை நாளாகத் தெரியாது. நிறுத்தி, "இது என்ன சொல், பாத்துச் சொல்லும்மா" என்று கேட்க வேண்டும். கேட்டால் அந்தப் பெண் அத்தனை பேர் முன்னாலும் திருதிருவென்று விழித்து நிற்கும். பாடம் அதோடு படுத்துவிடும். ஆவணி வந்துவிடும். அப்பாண்டை மாமாவின் சளிக் கமறல் வரைக்கும் அவள் காதில் கேட்டது. ஒன்று, இரண்டு என்று எண்ணினாள். எண்ணிப் பழகியிருந்தாள் அல்லவா?

"நில்லு பூவம்மா" என்றாள் சிரித்த முகத்தோடு. "போர்டு எதுக்கு நமக்கு? எல்லாரும் பாருங்க, பூவம்மா இப்போ பாக்காமலே சொல்லப் போறா." சொல்லிக்கொண்டே போர்டைக் கீழ்க் கட்டையிலிருந்து விறுவிறுவென்று மேலே சுருட்டிக் கட்டினாள். பூவம்மாள் வகுப்பைப் பார்த்துத் திரும்பி நின்று, ஏரிக்குக் கொக்குகளை வரவழைத்து, கரையில் எல்லோரையும் விளையாட வைத்து, கணீரென்று முடித்தாள்.

"கை தட்டுங்க" என்றாள் குணமாலா. வகுப்பு அதிர்ந்தது.

எல்லாம் முடிந்து, பிள்ளைகள் வெளியே போன பிறகு பஞ்சாட்சரம் எழுந்து வந்தார். மூக்குப்பொடியை நிதானமாக உறிஞ்சினார்.

"போர்டுல ஏரி வத்திப்போச்சு. பொண்ணு வாயில நிரம்பி வழியுது" என்றார்.

குணமாலா சுருட்டிய போர்டை அக்குளில் இடுக்கிக்கொண்டாள்.

"பயப்படாதம்மா. பரீட்சை உனக்குத்தானே, அவளுக்கில்லையே. முப்பது வருஷமா பாக்கறேன், இந்த மாதிரி எடத்துல அழுதுட்டு ஓடினவங்கதான் அதிகம். நீ சமாளிச்ச பாரு, அதாம்மா டீச்சிங்." நோட்டில் என்னவோ எழுதி மூடினார். அது முதல் வகுப்பு மார்க் என்று பின்னால் தெரிந்தது.

வாசலில் பூவம்மாள் மிட்டாய்க்கு நின்றுகொண்டிருந்தாள். "நல்லாப் படிச்சனா டீச்சர்?"

குணமாலா மிட்டாய் கொடுத்தாள். பிறகு தன் நோட்டைத் திறந்து, மழை என்ற சொல்லைக் காட்டினாள். "இது என்ன சொல்லு."

பூவம்மாள் நோட்டைப் பார்க்கவில்லை, டீச்சர் வாயைப் பார்த்தாள். "அத இன்னும் யாரும் சொல்லலியே டீச்சர். நீங்க ஒருக்கா சொல்லுங்க, படிச்சுக் காட்டுறேன்."

பொய் இல்லை, திருட்டுத்தனம் இல்லை. டீச்சர் சொன்னதை விரலை நகர்த்திக்கொண்டே திருப்பிச் சொல்வதற்குப் பெயர்தான் படிப்பு என்று அந்தக் குழந்தை நினைத்துக்கொண்டிருந்தது. வேறு என்ன நினைக்கும்? நாற்பது பெண்கள் அதைத்தான் படிப்பு என்று கை தட்டியிருக்கிறார்கள். குணமாலா குனிந்து குழந்தையின் தோளைப் பிடித்தாள்.

"லீவு விட்டதும் தெனம் காலையில வர்றேன். நான் உனக்குச் சொல்லித் தர்றேன். எழுத்து எழுத்தா. நீ ஸ்கூல் கேட்டாண்ட வந்துடு."

தில்லையம்மாளிடம் போய்ச் சொன்னாள். அவர் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "மாதிரிப் பள்ளிப் பசங்களுக்குப் படிக்க வரலன்னு நீ வெளிய சொன்னா, மொதல்ல பள்ளிக்கூடத்துப் பேரு போகும். அப்பறம் உன் மார்க்கைத் திருப்பிப் பாப்பாங்க. உனக்கு எது வேணும்? நாலாவது கிளாஸ் டீச்சர் பாத்துப்பாங்க, நீ ஊருக்குப் போம்மா."

அவள் ஊருக்குப் போனாள். அப்பா சொன்ன சொல் தவறவில்லை. ஆவணியில் அப்பாண்டை வேறிடத்தில் பெண் எடுத்தான். லீவில் காஞ்சிபுரத்துக்கு பஸ் இல்லாமல் இல்லை, மணிக்கு ஒன்று போயிற்று. குணமாலா பூவம்மாளை மறந்துவிட்டாள் என்று சொன்னால் அது பொய். நினைத்துக்கொண்டே போகாமல் இருந்தாள். போய், மார்க்கைப் பற்றி யாராவது வாயைத் திறந்துவிட்டால் என்ன செய்வது என்று பயம். இன்றைக்கு, நாளைக்கு என்று லீவு முடிந்தது, வேலை உத்தரவு வந்தது.

பதினைந்து வருஷம். குணமாலா சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு ஆரம்பப் பள்ளிக்குத் தலைமை ஆசிரியை ஆனாள். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. குணமாலா டீச்சர் பாடம் நடத்தினால் பக்கத்து வகுப்புப் பிள்ளைகள் ஜன்னலில் தொங்குவார்கள் என்று ஊரில் பேர். ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும், தன் வகுப்பில் அவள் யாரையும் ஏமாற விடவில்லை. பிள்ளை எழுந்து படிக்கும்போது நடுவில் ஒரு சொல்லை அழித்து வேறு சொல் எழுதிப் பார்ப்பாள். தடுமாறுகிற பிள்ளையைச் சாயங்காலம் நிறுத்தி வைத்துச் சொல்லித் தருவாள். இப்படி நூறு பிள்ளைகளுக்குச் செய்தால் அந்த ஒருத்திக்குச் செய்ததற்குச் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டாள். நினைத்துக்கொள்ள யாருக்குத்தான் உரிமையில்லை?

எழுபத்தேழு ஜூனில் பள்ளியில் பிள்ளைகளைச் சேர்க்கிற நாள். தலைமை ஆசிரியை மேஜைக்கு முன்னால் பெற்றவர்கள் கூட்டம். ஐந்து வயதுப் பெண்ணைக் கையில் பிடித்துக்கொண்டு ஒருத்தி முன்னால் வந்தாள். குழந்தை பேர் காந்தா என்றாள். குணமாலா படிவத்தை நிரப்பி, கையெழுத்துப் போடச் சொன்னாள். அவள் மை டப்பாவில் கட்டைவிரலை ஒற்றி, வைத்து, விரலைத் தலைமுடியில் துடைத்துக்கொண்டாள். பிறகு சிரித்தாள்.

"என்னத் தெரியலயா டீச்சர்? பூவம்மா. மாதிரி ஸ்கூலு."

குணமாலாவுக்குப் பேனா கையில் நின்றுபோயிற்று. "பூவம்மாவா" என்றாள்.

"ஆமா டீச்சர். கமிஷன் முன்னாடி எனக்குக் கை தட்டச் சொன்னீங்களே. இவங்க அப்பாவாண்ட தெனம் சொல்லுவேன், நம்ப மாட்டாரு." மற்றவர்களுக்கும் கேட்கட்டும் என்று சற்று உரக்கவே சொன்னாள். "நீங்க லீவுல வர்றேன்னீங்க. நான் ரெண்டு நாளு கேட்டாண்ட வந்து நின்னுக்கினு இருந்தேன். வேல கெடச்சிருக்கும்னு அப்பறம் அம்மா சொல்லிச்சு."

"ஏன் படிப்ப விட்ட?"

"அத ஏன் கேக்குறீங்க. அஞ்சாவதுக்கு வேற ஸ்கூல்ல போட்டாங்க. அந்த டீச்சரு சொல்லியே தராம புதுசு புதுசா குடுத்துப் படிடீன்னாங்க. எப்பிடிப் படிக்கிறது? மக்குன்னு சொல்லி நிறுத்திட்டாங்க. அவங்களுக்குப் பாடம் நடத்தத் தெரியல டீச்சர். உங்க ஸ்கூல்ல நாந்தானே பஸ்ட்டு."

உண்மையைச் சொன்னால், இவளுக்கு வாழ்க்கையில் கிடைத்த ஒரே கைதட்டலைப் பிடுங்கிக்கொள்ள வேண்டும். அதைக் கொடுத்தவளே பிடுங்க வேண்டும். குணமாலா தலையை மட்டும் ஆட்டினாள்.

"அதான் இவளயாச்சும் உங்ககிட்டயே போடணும்னு நடந்தே வந்தேன். இவளுக்கு இப்பவே படிக்க வரும் டீச்சர், நானே சொல்லிக் குடுத்தேன். காந்தா, டீச்சருக்குப் படிச்சுக் காட்டு."

குழந்தை கூச்சப்படவில்லை. நேரே சுவருக்குப் போயிற்று. அங்கே நகராட்சிக்காரர்கள் ஒட்டிவிட்டுப் போன தடுப்பூசி நோட்டீஸ் இருந்தது. எக்கி நின்று, முதல் எழுத்துக்கு அடியில் சின்ன விரலை வைத்தது.

"எங்கள் ஊரில் ஒரு ஏரி இருக்கிறது."

அதே கணீர்க் குரல். விரல் தடுப்பூசித் தேதியின் மேலும் வார்டு எண்களின் மேலும் ஊர்ந்து போயிற்று. மழை பெய்தது, ஏரி நிரம்பியது, கொக்குகள் வந்தன. பூவம்மாளின் உதடுகளும் சத்தமில்லாமல் கூடவே அசைந்தன. நின்றிருந்த பெற்றவர்களில் பாதிப் பேருக்குப் படிக்கத் தெரியாது. தெரிந்தவர்களோ குழந்தையைப் பார்த்தார்கள், நோட்டீஸைப் பார்க்கவில்லை. கரையில் எல்லோரும் விளையாடி முடித்ததும் படபடவென்று கை தட்டினார்கள்.

பூவம்மாள் குணமாலாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். குழந்தை விரலைச் சுவரிலிருந்து எடுத்து, மேஜைக்கு வந்து, அதே கையை நீட்டியது.

"முட்டாய் குடுப்பீங்கன்னு சொல்லித்தான் இட்டாந்தேன்" என்றாள் பூவம்மாள்.

குணமாலா சட்டென்று குனிந்து மேஜை இழுப்பறையைத் திறந்தாள். உள்ளே சாக்பீஸ் பெட்டியும் மை பாட்டிலும் இருந்தன, வேறொன்றும் இல்லை. அது அவளுக்குத் தெரியும். தலையை நிமிர்த்தாமல் மிட்டாயைத் தேடுகிற மாதிரி வெகுநேரம் தேடிக்கொண்டிருந்தாள்.